ஃபேட்பாயா, ஸ்லிம்மா? முலாம் பூசி வந்த கோபத்தில் ஒரு பதில்

நண்பர் ஒருவர் இரண்டு படங்களை அனுப்பி, "இதில் எதை வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார். இரண்டும் டயல் வைத்த பழைய சவர ரேசர்கள்: ஒன்று ஜில்லெட் ஃபேட்பாய், மற்றது அதே கம்பெனியின் ஸ்லிம். ஃபேட்பாய்க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்கிறார்களாம். கேட்ட நேரம்தான் சரியில்லை. என் ஃபேட்பாய் நிக்கல் முலாம் பூசப் போய் அந்த வாரம்தான் திரும்பி வந்திருந்தது. வந்த லட்சணத்தைப் பார்த்துக் கொதித்துப் போயிருந்தேன். அன்றே பதில் சொல்லியிருந்தால், "இரண்டும் வேண்டாம், தாடி வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பேன். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது. முழுக்க ஆறவில்லை என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

டயல் வைத்த ரேசரைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வரி: தலைக்குக் கீழே ஒரு டயல், அதில் 1 முதல் 9 வரை எண்கள். எண் ஏற ஏற, பிளேடு விளிம்புக்கும் அதற்குக் கீழே உள்ள சட்டத்துக்கும் நடுவே இடைவெளி கூடும், பிளேடு ஆழமாகக் கடிக்கும். ஃபேட்பாய் 1958-லிருந்து 1961 வரை வந்தது. அடுத்து ஸ்லிம், 1968 வரை. அப்புறம் கறுப்புக் கைப்பிடி சூப்பர் அட்ஜஸ்டபிள். ஃபேட்பாய் என்பது சேகரிப்பவர்கள் வைத்த பட்டப்பெயர். கடையில் 1.95 டாலருக்கு விற்றதால் அன்றைக்கு அது 195. தலையின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் குத்தியிருப்பார்கள். எழுத்து ஆண்டையும், எண் காலாண்டையும் சொல்லும். என் ஃபேட்பாய் F2, அதாவது 1960-இன் இரண்டாம் காலாண்டு. ஸ்லிம் L3, 1966-இன் மூன்றாம் காலாண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. ஃபேட்பாயைக் கையில் எடுத்தால் கனம் தெரியும். 80 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் கைப்பிடி குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பதால் அத்தனை பித்தளையும் உள்ளங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கன்னத்தில் வைத்து விட்டால் போதும், தன் கனத்திலேயே இறங்கும். அழுத்த வேண்டும் என்ற நினைப்பே வராது. ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜால் வருடக்கணக்கில் அழுத்தி அழுத்திப் பழகிய கைக்கு அதை மறக்க வைத்தது இந்தச் சாமான்தான். கைப்பிடியின் அடிக் குமிழைத் திருகினால் தலையின் மேல்மூடி இரண்டு கதவுகளாக மெதுவாக விரியும். பிளேடைப் போட்டுத் திரும்பத் திருகினால் மூடிக்கொள்ளும், கடைசியில் ஒரு சின்ன இறுக்கம் விரலுக்குத் தெரியும். காலையில் தூக்கக் கலக்கத்திலும் அந்த இறுக்கத்தை விரல் தேடுகிறது.

சரி, இனி குறை. என்னுடையதில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. டயலை 5-இல் வைத்து, தலையைப் பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஒரு பக்கம் ஒளி நூல் போலத் தெரியும், மறுபக்கம் அதைவிட நன்றாகவே தடித்திருக்கும். முகத்தில் இது ஒரே நுகத்தில் கிழட்டு மாட்டையும் துள்ளும் காளையையும் பூட்டிய கதைதான். ஒரு பக்கம் நுரையை மட்டும் வழித்துக்கொண்டு போகும். திருப்பிப் பிடித்தால் மோவாய்க்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு. 60 வயதைத் தாண்டிய பொருளில் இதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. எந்த ஊர்க் குளியலறையிலோ யாரோ கீழே போட்டிருக்கிறார்கள், ஒரு கதவு முடிமுனை அளவுக்கு வளைந்திருக்கிறது. பிளேடை வளைத்துப் பிடித்து உட்கார வைப்பது அந்தக் கதவுதானே. அது கோணினால் பிளேடும் கோணும்.

டயல் இதற்கு ஏன் உதவாது என்று நண்பர் கேட்டார். டயல் இரண்டு பக்கத்தையும் சேர்த்தேதான் ஏற்றும், இறக்கும். சாது பக்கத்துக்காக 7-க்குப் போனால் மூர்க்கமான பக்கம் இரத்தம் கேட்கிறது. மூர்க்கமான பக்கத்துக்காக 3-க்கு வந்தால் சாது பக்கம் வேலையே செய்வதில்லை. ஒன்பது எண்கள் இருந்தும் எனக்கு ஏற்ற ஓர் எண் கிடையாது.

முலாம் போடக் கொடுத்ததே இதற்காகத்தான். பழைய நிக்கல் ஆங்காங்கே தேய்ந்திருந்தது, ஆனால் அது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஃபேட்பாயின் தலையைக் கழற்றிச் சேர்ப்பது வீட்டு வேலை இல்லை, உள்ளே இறுக்கிப் பூட்டியிருக்கிறது. முலாமுக்காகக் கழற்றத்தானே போகிறார்கள், அப்போதே கதவையும் நிமிர்த்திவிடுங்கள் என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஸ்லிம் இன்னொன்று வாங்கும் காசுக்கு மேல் கூலி. திரும்பி வந்தபோது கண்ணாடி போல மின்னியது, உள்ளதைச் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். நூல் நூலாகவே இருந்தது, தடிமன் தடிமனாகவே இருந்தது. அது போதாதென்று டயலை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். முன்பு 4-இல் கிடைத்த சவரம் இப்போது 5-இல் கிடைக்கிறது. எண்களின் குழியில் இருந்த கறுப்பு மையும் முலாம் குளியலில் போய்விட்டது. வெள்ளி மேல் வெள்ளி, மூக்குக் கண்ணாடி இல்லாமல் எண்ணே தெரியாது. கேட்டதற்கு, "முலாம் நன்றாக வந்திருக்கிறதே சார்" என்றார்கள். வந்திருக்கிறது. நான் கேட்டது அதை இல்லை.

கறுப்பு எனாமலைப் பல்குச்சியால் குழிகளில் வைத்து, மேலே வழிந்ததை அட்டையால் துடைத்து, எண்களை நானே மீட்டுக்கொண்டேன். கதவைக் கைவைத்து நிமிர்த்தத் துணிவில்லை. அதற்குப் பதிலாக மகளின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு சொட்டு எடுத்து மூர்க்கமான பக்கத்துக் கதவின் ஓரத்தில் பொட்டு வைத்தேன். இப்போது பொட்டுப் பக்கத்தால் கன்னத்தில் முடியின் போக்கிலேயே ஒரு முறை, பொட்டில்லாத பக்கத்தால் கழுத்திலும் மேலுதட்டிலும், எதிர்த்து வழிக்கும் இரண்டாம் சுற்றிலும். எரிச்சலோடு சொல்கிறேன், இப்படி ஒரு சவரம் நான் வைத்திருக்கும் வேறெந்த ரேசரிலும் கிடைத்ததில்லை. படிகாரக் கட்டி காய்ந்து கிடக்கிறது.

ஸ்லிம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமை. மெலிந்த கைப்பிடி, குறைந்த கனம், மூக்குக்குக் கீழே சுலபமாக நுழையும். என்னிடம் உள்ளதில் இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருக்கின்றன. சூப்பர் அட்ஜஸ்டபிள் இன்னும் சாது. புதிதாகத் தொடங்குபவருக்குச் சரி, எனக்குத் தூக்கம் வருகிறது.

நண்பர் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்து மெர்க்கூர் புராக்ரஸ் என்ற டயல் ரேசர் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. கதவு கிடையாது, மேல்மூடி தனியாகக் கழன்று வரும். மூடியிலுள்ள குறியும் அடித்தலையிலுள்ள குறியும் ஒரே பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் எண்கள் பொய் சொல்லும். பிளேடு கோணலாக உட்கார்ந்தால், இறுக்குவதற்கு முன் விரலால் லேசாகத் தள்ளி நேராக்கிவிடலாம். என் ஃபேட்பாயில் நான் ஏங்குவது இந்த ஒரு வசதிக்குத்தான். ஆனால் அந்த பிளாஸ்டிக் குமிழைப் பார்த்தால் குக்கர் மூடியின் பிடி ஞாபகத்துக்கு வருகிறது. அறிவுள்ளவர்கள் வாங்க வேண்டியது அதைத்தான். நான் வாங்கினேன், அலமாரியில் இருக்கிறது.

எது வாங்கினாலும் இரண்டு விஷயம். பழைய கையேட்டில் 5-இல் தொடங்கச் சொல்லியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஜில்லெட் ஸ்டெயின்லெஸ் பிளேடு கொண்டுவந்ததே 1963-இல்தான், அதற்குள் ஃபேட்பாய் நின்றுபோய்விட்டது. அந்த எண்கள் அந்தக் காலத்துக் கார்பன் எஃகு பிளேடுக்கு வைத்தவை. இன்றைக்கு ஜப்பானின் ஃபெதர் பிளேடைப் போட்டு 5-இல் வைத்தால் தோல் ஒரு மாதிரி பாடம் கற்றுக்கொள்ளும். ஃபெதருக்கு 2 அல்லது 3 போதும். நம்மூர் மளிகைக் கடையில் தொங்கும் டோபாஸ் பிளேடு என்றால் 5 வரை போகலாம்.

இன்னொன்று தண்ணீர். எங்கள் போர்வெல் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் டயலுக்குள் வெள்ளையாகப் பாசி போலப் படியும், டயல் திருக வராது. அப்போது குறடு எடுக்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்த வெந்நீரில் ஊறப் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, மெதுவாக முன்னும் பின்னும் திருக வேண்டும். வினிகரில் இரவு முழுக்கப் போட்டால் முலாம் போய்விடும், அப்புறம் என்னைப் போல முலாம்காரரிடம் போய் நிற்க வேண்டியதுதான். எண்ணை மாற்றும்போதெல்லாம் முதலில் அடிக் குமிழைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு மாற்றுங்கள். இறுகப் பூட்டிய நிலையில் டயலைத் திருகித்தான் பாதி ஃபேட்பாய்கள் பாழாகியிருக்கும் என்பது என் சந்தேகம்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஸ்லிம்மை வாங்குங்கள். பாதி விலை, தொல்லை குறைவு, சவரமும் சுகம். ஃபேட்பாய்க்குக் கேட்கும் விலையில் பாதி அந்தப் பட்டப்பெயருக்குத்தான். வேண்டாம்.

இருந்தாலும் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த ஃபேட்பாயை விற்பவரிடம், பிளேடு போட்டு, டயலை 9-இல் வைத்து, தலையைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அனுப்பினால் உடனே எனக்கும் அனுப்புங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் விலையை நானே பேசிக்கொள்கிறேன்.