படம் பிடிக்கவா, படம் காட்டவா?

பிரிக்பீல்ட்ஸில் பாலர் பள்ளிக்குப் போகும் என் மகளுக்கு நாலு வயது. அவள் பார்வையைக் கருவியால் படம் பிடித்தும், பட அட்டை காட்டியும் இரண்டு விதமாகவும் சோதித்தாகிவிட்டது.

முதலில் கேமரா போன்ற கருவி. ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தார்கள். விளக்கு மின்னியது, குருவிச் சத்தம் கேட்டது, அவள் நிமிர்ந்து பார்த்தாள், முடிந்தது. பேச்சு வராத ஒரு வயதுப் பிள்ளைக்கும் இது சரிப்படும். ஆனால் கிட்டப்பார்வை, மாறுகண் மாதிரிக் கோளாறுக்கு வாய்ப்பு உண்டா என்றுதான் காட்டும். எவ்வளவு தெரிகிறது என்பதை அளக்காது.

அதற்குப் பட அட்டைதான். பின்லாந்துக் கண் மருத்துவர் லேயா ஹுவாரினென் 1976இல் உருவாக்கியதில் ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என நாலே படம். மங்கினால் நாலும் ஒரேபோல் உருண்டையாகிவிடும், ஊகித்துத் தப்ப முடியாது. ஆப்பிளை என் மகள் 'லவ்' என்றாள். சொல்லட்டுமே! மடியில் உள்ள அட்டையில் அதே படத்தைத் தொட்டால் போதும், அவளுக்கு அது விளையாட்டு.

சிக்கல் கண்ணை மூடுவதில். கையால் மூடச் சொன்னபோது விரலிடுக்கில் எட்டிப் பார்த்தாள், கள்ளி. ஒட்டுத்துணி போட்ட பிறகுதான் சரியான கணக்கு வந்தது. இன்னொன்று: படத்தைத் தனியாகக் காட்டினால் சோம்பல் கண்ணும் (மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை குறைந்த கண்) நன்றாகவே சொல்லிவிடும். சுற்றிலும் கோடு போட்ட அட்டையைக் கேளுங்கள்.

மூன்று வயதுக்குள் என்றால் நான் கருவிக்கே போவேன். அதற்கு மேல் அட்டை, அதுவும் தூங்கி எழுந்த பிறகு.