ஐடிஐயா, அப்ரண்டிஸா, மூன்று மாதக் கோர்ஸா?

பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு ஊருக்குள் மூன்று வகை நோட்டீஸ் சுற்ற ஆரம்பிக்கும். ஒன்று அரசு ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையச் சேர்க்கை. இரண்டாவது, ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் கம்பெனிக்கு டிரெய்னி தேவை, சாப்பாடு, ரூம், பஸ் எல்லாம் ஃப்ரீ என்பது. மூன்றாவது, மூன்று மாத இலவசப் பயிற்சி, முடித்ததும் வேலை என்பது. இவற்றை ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: முதல் வேலை போய்விட்டால், அடுத்த கம்பெனியின் கேட்டில் எதைக் காட்டி உள்ளே போவீர்கள்? முதல் மாதச் சம்பளத்தை வைத்து ஒப்பிட்டால் தப்பான வழிதான் ஜெயிக்கும்.

பாலிடெக்னிக்கை இதில் சேர்க்கவில்லை. மூன்று வருட டிப்ளமோவின் கணக்கு வேறு.

முதலில் ஐடிஐ. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் எல்லாம் இரண்டு வருடம், பத்தாவது பாஸ் வேண்டும். வெல்டர் ஒரே வருடம், எட்டாவது போதும். தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், வரைபடக் கருவி, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022-ல் வந்த புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய். ஐடிஐ மாணவர்களுக்கும் அது பொருந்தும்.

ஆனால் உள்ளே என்ன கற்றுத் தருகிறார்கள் என்பதுதான் விஷயம். ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த பையன் முதல் சில மாதம் வைஸில் இரும்புப் பட்டையைப் பிடித்து வைத்து அரத்தால் ராவிக்கொண்டே இருப்பான். கை கொப்பளிக்கும், சலிப்பாக இருக்கும். அப்புறம் ஆண், பெண் என்று இரண்டு துண்டு செய்து ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தச் சொல்வார்கள். பொருத்தியதை இன்ஸ்ட்ரக்டர் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் ஒழுகினால் மறுபடி முதலிலிருந்து. இந்தக் காலத்தில் யார் கையால் ராவுகிறார்கள் என்று கேட்கலாம். யாரும் இல்லைதான். ஆனால் வெர்னியர் என்கிற நுண்ணளவுக் கருவியில் அளக்கவும், வரைபடத்தைப் பார்த்துப் பொருளை மனதில் கொண்டுவரவும் வருகிற பழக்கம் இங்கேதான் உட்காருகிறது. கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி மெஷின் முன்னால் நின்றாலும் அதுதான் சோறு போடும்.

குறை இல்லாமல் இல்லை. பல இடங்களில் மெஷின் பழசு. இதற்காகத்தான் 2022-ல் தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸுடன் ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐடிஐகளை சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்க இறங்கியது. ரோபாட்டிக்ஸ், அட்வான்ஸ்டு சிஎன்சி, எலக்ட்ரிக் வண்டி மெக்கானிக் போன்ற பிரிவுகள் அப்படி வந்தவைதான். சேருவதற்கு முன்னால் உங்கள் ஊர் ஐடிஐ அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தனியார் ஐடிஐ என்றால், நீங்கள் சேரும் அதே பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் போர்டு இருக்கிறது என்பது போதாது.

அடுத்து அப்ரண்டிஸ். கம்பெனிக்குள்ளேயே வேலை பழகுவது; இது 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் நடக்கிற முறையான பயிற்சி. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 2019-ல் திருத்திய விதியில் மாத உதவித்தொகைக்கு அடிமட்டமாகப் பத்தாவது முடித்தவருக்கு 6,000, ஐடிஐ முடித்தவருக்கு 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். நல்ல கம்பெனி இதற்கு மேலேயே தரும். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப், திருச்சி பெல் போன்ற இடங்களில் அப்ரண்டிஸ் முடித்தவருக்கு மவுசு அதிகம். ரயில்வேயில் லெவல் 1 என்கிற அடிநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வே நிறுவனங்களில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கே ஒதுக்கீடு. கம்பெனி உங்களுக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. பயிற்சிக் காலத்தில் நீங்கள் தொழிலாளி கணக்கிலும் வரமாட்டீர்கள், பி.எஃப் எதிர்பார்க்க முடியாது. பதிலுக்குக் கிடைப்பது தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ். எந்த ஊர் கேட்டிலும் அது செல்லும்.

சிக்கல், டிரெய்னி என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களில் பலர் இந்தச் சட்டத்தின் பக்கமே வராததுதான். லைனில் ஒரு ஸ்டேஷன், கையில் போல்ட் முடுக்குகிற ஒரு டார்க் கன், வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் அதே நாலு போல்ட். ஒரு வருடம் கழித்தும் அதே நாலு போல்ட்தான் தெரியும். காண்ட்ராக்டர் மாறும்போது ஆளும் மாறிவிடுவார், கையில் ஒரு காகிதமும் இருக்காது. பயிற்சி என்ற பேரில் ஆள் பிடிப்பது நமக்குப் புதிதும் அல்ல. கொங்கு மண்டல நூற்பாலைகளில் சுமங்கலி திட்டம் என்று பெண்பிள்ளைகளை மூன்று வருடம் பயிற்சியாளர்களாகவே வைத்து, கடைசியில் மொத்தத் தொகை தருகிறோம் என்று வேலை வாங்கிய கதையை மறந்துவிட முடியாது. ஆகவே கேட்க வேண்டியது: அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் என் பெயரில் ஒப்பந்தம் பதிவாகுமா, அதன் நகல் தருவீர்களா? மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று, பத்தாவது முடிக்கும்போது வயது பதினைந்து, பதினாறுதான் இருக்கும். பெரும்பாலான கம்பெனி பதினெட்டுக்குக் கீழ் எடுக்காது. வயதைக் கூட்டிக் காட்டி உள்ளே அனுப்புகிற ஏஜென்ட்டை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, குறுகிய காலப் பயிற்சிகள். மத்திய அரசின் கௌசல் விகாஸ் யோஜனா 2015-ல் வந்தது. கிராமப்புற ஏழை இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய திட்டம் அதற்கு முந்தைய வருடம் தொடங்கியது. இந்த இரண்டாவது திட்டத்தில் 15 முதல் 35 வயது வரை சேரலாம், பயிற்சி இலவசம், பல மையங்களில் தங்கிப் படிக்கலாம். தையல் மெஷின் ஆபரேட்டர், கடை விற்பனை, நோயாளி உதவியாளர், கணக்கு என்று பல பிரிவு உண்டு.

இதை மட்டம் தட்ட நான் தயாராக இல்லை. திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனிக்குள் எதுவும் தெரியாமல் போகிறவர் கைமடியாகத்தான் நுழைவார்: டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுப்பது, நூல் வெட்டுவது. சாப்பாட்டு நேரத்தில் யாராவது மனசு வைத்து மெஷினில் உட்காரவிட்டால்தான் தொழில் பழகலாம். மூன்று மாதம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிப் பழகியவருக்கு அந்தக் காத்திருப்பு மிச்சம். தைத்த பீஸை எண்ணிக் கூலி தருகிற பீஸ் ரேட் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்தபின் வேலை தேடுகிற முப்பது வயதுப் பெண்ணிடம் இரண்டு வருடம் ஐடிஐ போ என்பது நடக்கிற காரியமா?

ஆனால் பதினாறு வயதுக்காரருக்கு இதை நான் சொல்லமாட்டேன். இந்தச் சான்றிதழை வைத்து மேலே ஏறப் படி குறைவு. இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். தமிழ், ஆங்கிலத் தேர்வை மட்டும் எழுதி பிளஸ் டூவுக்கு இணையான சான்றும் வாங்கலாம். மூன்று மாதக் கோர்ஸில் அந்த வழி கிடையாது. விற்பனைப் பிரிவு படித்தவரை சென்னையில் ஏதோ ஒரு கடையில் கொண்டுபோய் நிறுத்தினால், ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சாமல் ஊர் திரும்புகிற கதை அடிக்கடி நடக்கிறது. சேருமுன், போன பேட்ச் ஆட்கள் நாலு பேர் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, அவர்களிடமே பேசிவிடுங்கள்.

என் கட்சி இதுதான்: பதினெட்டுக்குக் கீழே என்றால் அரசு ஐடிஐ, அதன் பிறகு ஒரு வருடம் பதிவான அப்ரண்டிஸ். இரண்டையும் எதிரெதிராக வைப்பதே தப்பு, சேர்த்துச் செய்தால்தான் பலன். வீட்டில் இரண்டு வருடம் தாங்காது என்றால் வெல்டர் எடுங்கள். பெற்றோர் ஏனோ வெல்டர் என்றால் முகம் சுளிக்கிறார்கள். புகை, சூடு, கண் எரிச்சல் எல்லாம் உண்மை. ஆனால் வளைகுடா வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சென்னையில் டிரேட் டெஸ்ட் வைக்கும்போது ஆங்கிலத்தில் பேசச் சொல்வதில்லை. பைப்பைக் கையில் கொடுத்து, டிக் என்கிற நுணுக்கமான வெல்டிங்கைப் போட்டுக் காட்டு என்பார்கள்.