சக்கில் அடங்காத ஜாப்பைப் பிடிக்கும் 70 டிகிரி உலோகம்

துருப்பிடிக்காத எஃகில் வார்த்த ஒரு பம்ப் இம்பெல்லரின் (பம்பினுள் சுழன்று நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) விளிம்புகளை மில்லிங் செய்யும், அதாவது சுழலும் கட்டரால் சீவும் வேலை எங்கள் கோவைப் பட்டறைக்கு வந்தது. அதன் வளைந்த இதழ்கள் 1.5 மி.மீ. தடிமன்தான் என்பதால், நடுப்பகுதியைச் சக்கில் (இயந்திரத்தின் பிடிப்புத் தாடை) எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், கட்டர் தொட்டவுடன் இதழ்கள் அதிர்ந்து, விளிம்பில் மீன் செதிலைப் போன்ற தடங்கள் விழுந்தன. இதழ்களைச் சுற்றி உருக்கி ஊற்றி, உறைந்ததும் அதையே பிடிமானமாக்குவதற்காக வாங்கியதுதான் 70 டிகிரி செல்சியஸில் உருகும் வுட்ஸ் மெட்டல். பார்னபாஸ் வுட் 1860-இல் உருவாக்கிய இக்கலவையில் பாதி பிஸ்மத். மீதி ஈயம், வெள்ளீயம், காட்மியம்.

பயன்படுத்தும் முறை எளிது, ஆனால் அவசரம் கூடாது. கட்டியை வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்த பாத்திரத்தில்தான் உருக்க வேண்டும். நேரடித் தீயில் அளவுக்கு மீறிச் சூடேறினால் நச்சான காட்மியப் புகை எழும் என்பதால் அந்தக் குறுக்குவழியை யாரும் முயல வேண்டாம். முதல் முறை குளிர்ந்த இம்பெல்லரில் ஊற்றியதால் கலவை இதழ்களின் இடுக்குகளை எட்டுமுன்பே உறைந்துவிட்டது. மறுமுறை ஜாப்பையும், அதாவது இம்பெல்லரையும் சூடாக்கி, ஈரத்தை முற்றிலும் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்த பிறகு ஊற்றினோம். பெரும்பாலான உலோகங்களுக்கு மாறாக பிஸ்மத் உறையும்போது விரிவடையும். ஆகவே கலவை சுருங்கி விலகாமல் இதழ்களை இருபுறமும் அணைத்துக்கொள்கிறது. ஒருபுறம் மட்டும் நிரப்பினால் அதே விரிவு மெல்லிய சுவரை வெளியே தள்ளிவிடும். அதிர்வு நின்றது, விளிம்பு வழவழப்பாக வந்தது. வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலண்ட் மட்டும் ஒரு நொடியும் தடைபடக் கூடாது. வெட்டுச் சூட்டில் பிடிமானமே இளகிவிடும்.

வேலை முடிந்ததும் கொதிக்கும் நீரில் அமிழ்த்தினால் கலவை பாதரசம் போல வழிந்து அடியில் தேங்குகிறது. எஃகைவிட அது கனமானதால், அதில் சிக்கிய எஃகுச் சீவல்கள் மேலே மிதக்கின்றன. அவற்றை அரித்தெடுத்து, கட்டியை மீண்டும் பயன்படுத்தலாம்.

என் மனக்குறை இரண்டு. எனக்கு விற்றவர் கட்டியில் கலவை விகிதத்தையோ நச்சு எச்சரிக்கையையோ ஒட்டவில்லை. ஈயமும் காட்மியமும் உள்ள பொருளுக்கு இது மன்னிக்க முடியாத அலட்சியம். அடுத்தது, எவ்வளவு துடைத்தாலும் மூலைகளில் மெல்லிய படலம் ஒட்டியே நிற்கிறது. குடிநீர்ப் பம்புகளின் பாகங்களுக்கு இதை நான் தொடப்போவதில்லை. அவற்றுக்கு 58 பங்கு பிஸ்மத்தும் 42 பங்கு வெள்ளீயமும் கொண்ட, 138 டிகிரியில் உருகும் கலவையே தகும். வெந்நீருக்குப் பதிலாகச் சூடான எண்ணெய்த் தொட்டி வேண்டியிருக்கும் என்றாலும், அடுத்த ஆர்டருக்கு அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.