மூஸ் தோலா, சிவப்பு உடையா?

கனடாவில் பூர்வகுடிப் பெண்கள் மீதான வன்முறையைப் பதின்ம வயதினருக்குப் பாடமாக எடுக்க நினைத்தால், கைவசம் இரண்டு நல்ல வழிகள் உண்டு.

முதலாவது சிவப்பு உடை. மேட்டி (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பில் உருவான இனம்) கலைஞர் ஜேமி பிளாக் 2010 வாக்கில் தொடங்கியது. வெறும் சிவப்பு கவுன்களை மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். காற்றில் கைப்பகுதி அசையும், உள்ளே ஆள் இருக்காது. காணாமல் போனவர்களைப் பற்றித் தனியே விளக்க வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் யாராவது ஒரு பெண்ணின் சித்தியே காணாமல் போயிருக்கலாம். முன்கூட்டிப் பேசாமல் இதைச் செய்யவே கூடாது.

அடுத்தது மூஸ் என்ற பெரிய மானின் தோல். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பூர்வகுடிப் பெண்கள் பலர் காணாமல் போனதால் 'கண்ணீர் நெடுஞ்சாலை' எனப்படும் 16ஆம் எண் சாலை ஓரம், 2011இல் காரியர் என்ற பூர்வகுடி இனத்தின் பால் லாசெர்ட்டும் மகள் ரேவனும் மூஸ் மான் வேட்டைக்குப் போனார்கள். அந்தத் தோலைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, பெண்கள் மீதான வன்முறையை எதிர்ப்பதன் அடையாளமாக ஆண்கள் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுக்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றியது. (தோல் வேண்டாம் என்பவர்களுக்கு மாற்றுத் துண்டும் இருக்கிறது.) பஸ்ஸில் ஒருவர் "இது என்னப்பா?" என்று கேட்டால் பையன் பதில் சொல்லியாக வேண்டும்! ஒரு நாள் உண்ணா நோன்பும் உண்டு. பூர்வகுடி மரபில் அது மனதை ஆற்றும் சடங்கு, போராட்டம் அல்ல.

பையன்கள் நிறைந்த வகுப்பென்றால் என் ஓட்டு தோலுக்கே. சிவப்பு உடை துக்கத்தைக் காட்டுகிறது, தோல் துண்டு வேலை கொடுக்கிறது. எதுவானாலும் சடங்கை ஆசிரியர் தானே நடத்திக் காட்ட வேண்டாம்; அந்த வட்டாரப் பூர்வகுடி மூத்தவரை முறைப்படி அழையுங்கள். பல இனங்களில் கொஞ்சம் புகையிலை கொடுத்துக் கேட்பதுதான் வழக்கம்.