குறைத்த எடை திரும்பி வந்துவிட்டதா? டயட், ஊசி, இரண்டாவது ஆபரேஷன்: எது யாருக்கு?

2018-ல் எடை குறைக்க எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது, அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது. அப்போது 118 கிலோ. ஒன்றரை வருடத்தில் 77-க்கு வந்தேன். 2023 தீபாவளி சமயத்தில் மெஷினில் ஏறி நின்றால் 96. அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கும் மேல் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைக்கவில்லை. செக்கப்புக்குக் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன். டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம். "வயித்தையே வெட்டி எடுத்தும் பழையபடி ஆயிட்டியேம்மா" என்று ஒரு கல்யாண வீட்டில் அத்தை சொன்னது வேறு மனதில் கிடந்தது. எடை கூடியதைவிட அந்த ஒரு வருடத்தை வீணாக்கியதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

கூச்சப்பட ஒன்றுமில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய நீண்டகால ஆய்வு ஒன்றில், எடை குறைக்க பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு நேராக இணைப்பது) செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தங்கள் எடையில் சராசரியாக 32 சதவீதம் குறைந்தார்கள். பத்தாவது ஆண்டில் அது 25 சதவீதத்தில் நின்றது. அதாவது ஓரளவு திரும்பி வருவது பெரும்பாலானவர்களுக்கு நடக்கிற விஷயம். அந்த விகிதத்தை என் 41 கிலோவுக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்பது கிலோ வரை திரும்பியிருக்கலாம். எனக்கு வந்தது 19. அதில் பாதிக்குக் காரணம் தேட வேண்டியிருந்தது.

கடைசியில் போய் உட்கார்ந்தபோது டாக்டர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கெட்டியான சாப்பாடு ஒரு வேளைக்கு எவ்வளவு இறங்குது?" வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தேன். தண்ணீர், குழம்பு எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழித்துண்டுகள் ஒரு சின்னக் கிண்ணம். பாதியிலேயே நெஞ்சு கனத்தது, போதும் என்றாகிவிட்டது. அதே வயிற்றில் ரசம் சாதம் இரண்டு தட்டு தாராளமாக இறங்கும். வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் நீங்களும் இதைச் செய்து பாருங்கள். கெட்டியானதில் சீக்கிரம் நிறைகிறது என்றால் ஆபரேஷன் இன்னும் வேலை செய்கிறது, கோளாறு பெரும்பாலும் உள்ளே போகும் உணவில். நிறைந்தும் ஒரு மணி நேரத்தில் பசி பிறாண்டுகிறது என்றால் அது வேறு கதை. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் தூங்கவிடாமல் செய்கிறது என்றால் அது இன்னொரு கதை.

பழைய விதிகளும் 'ரீசெட்'டும்

இந்த இரண்டையும் பலர் ஒன்று என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன்.

'ரீசெட்' என்பது ஐந்து நாள் கணக்கு. முதலில் நீராகாரம், பிறகு கூழ் பதம், பிறகு மெல்ல கெட்டி உணவு. விரிந்த இரைப்பை இதனால் சுருங்கிவிடும் என்று சொல்கிறார்கள். சுருங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நான் செய்தேன், மூன்று கிலோ இறங்கியது, இரண்டு வாரத்தில் மூன்றும் வந்துவிட்டது. போனது பெரும்பாலும் நீர். அதில் ஆபத்தும் உண்டு. ஆபரேஷன் செய்தவர்கள் வாந்தியோடும் பட்டினியோடும் நாட்களை ஓட்டினால் தயமின் என்ற பி1 வைட்டமின் வேகமாகத் தீர்ந்துவிடும், அது நரம்பையும் மூளையையும் பாதிக்கும். மனதைத் திரும்ப ஒழுங்குக்குக் கொண்டுவர உதவியது என்று சிலர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பழைய விதிகள் அப்படியல்ல. ஆபரேஷன் முடிந்த முதல் வருடம் டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த அதே தாள்தான். புரதம் முதலில், நாளுக்குக் குறைந்தது 60 கிராம். சாப்பிடும்போது தண்ணீர் இல்லை, சாப்பிட்டு அரை மணி நேரம் வரை இல்லை. மெதுவாக மென்று, மூன்று வேளை, நடுவில் கொறிப்பது இல்லை.

நம் வீட்டுச் சாப்பாட்டில் இதைக் காப்பாற்றுவது கஷ்டம். அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிட்டு வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். கெட்டி உணவு அதில் தங்கும், தங்குவதால் நிறைந்த உணர்வு வரும். ரசம் சாதம், மோர் சாதம், குழையப் பிசைந்த பருப்பு சாதம் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நமக்கோ பிசைந்து சாப்பிட்டால்தான் சாப்பாடு. முறுக்கும் மிக்சரும் வாயில்தான் மொறுமொறுப்பு, வயிற்றில் வெறும் மாவு. டீயில் நனைத்த பிஸ்கட்டும் அதே. ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். என்னுடைய பெரிய தப்பு சாப்பாட்டு வேளையில் இல்லை, நாலு மணி டீயில் இருந்தது.

தட்டின் வரிசையை மாற்றினேன். முட்டை அல்லது மீன் துண்டு முதலில், அப்புறம் பொரியல், இடம் இருந்தால் சோறு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். மூன்று இட்லியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். வேகவைத்த கோழி நூறு கிராமில் 25-க்கு மேல். சைவம் என்றால் பன்னீர், சுண்டல், கெட்டித் தயிர் என்று சேர்த்துச் சேர்த்துத்தான் 60-ஐத் தொட முடியும். நாலு மணிக்கு டீயோடு கொண்டைக்கடலைச் சுண்டல் என்று பழக்கினேன்.

நாலு மாதத்தில் 96-லிருந்து 90. பணச் செலவு ஏறக்குறைய இல்லை. அதற்குப் பிறகு ஊசிமுனையளவும் நகரவில்லை, பசியும் அடங்கவில்லை. இந்த வழியின் எல்லை அதுதான். மறுபடி கூடிய எடையைக் காக்க உடம்பே பசியைக் கூட்டுகிறது. அதை மன உறுதியால் மட்டும் வருடக்கணக்கில் எதிர்த்து நிற்கச் சொல்வது நியாயமில்லை.

ஊசியா, இரண்டாவது ஆபரேஷனா?

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டும் பசியைக் குறைக்கும், இரண்டுக்கும் விலை உண்டு.

ஊசி என்றால் செமாகுளுடைட், டிர்செபடைட் போன்றவை. வாரம் ஒருமுறை தொப்பையில் போட்டுக்கொள்வது. சாப்பிட்டதும் குடலில் சுரந்து 'போதும்' என்று சொல்லும் ஹார்மோனைப் போலவே இவை வேலை செய்கின்றன. ஆபரேஷன் செய்து போதிய பலன் கிடைக்காதவர்களிடம் லண்டனில் ஒரு சோதனை நடந்தது. பழைய வகையான லிராகுளுடைட் போட்டவர்கள் 24 வாரத்தில் சராசரியாக 8.8 சதவீதம் குறைந்தார்கள், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்கள் அரை சதவீதம். புதிய ஊசிகள் இன்னும் வலுவானவை. ஆபரேஷன் செய்யாதவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் செமாகுளுடைட் 68 வாரத்தில் சுமார் 15 சதவீதமும், டிர்செபடைட் அதிக அளவில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதமும் குறைத்தன.

இனி அதன் மறுபக்கம். நிறுத்தினால் திரும்பும். செமாகுளுடைட்டை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. டிர்செபடைட் ஊசியான மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500 வரை. விலைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, வாங்கும் முன் விசாரியுங்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

குடும்பத்தில் மெடுலரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடாது. கணைய அழற்சி வந்திருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கக்கூடும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் அளவை டாக்டரைக் கேட்டு மாற்றாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.

இரண்டாவது ஆபரேஷன் என்றால், ஸ்லீவ் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் பைபாஸாக மாற்றுவது. முதல் ஆபரேஷனின் தழும்பும் ஒட்டலும் உள்ளே இருப்பதால் கசிவு போன்ற சிக்கல்கள் முதல் தடவையைவிட அதிகம், எடை இறங்குவது பொதுவாக முதல் தடவையைவிடக் குறைவு. எடைக்காக மட்டும் என்றால் எனக்கு அது கடைசி வழி. நெஞ்செரிச்சல் இருந்தால் தராசு அப்படியே ஆபரேஷன் பக்கம் சாய்ந்துவிடும். பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் பத்து வருடம் ஒப்பிட்ட ஆய்வில் உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு இருந்தது, பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு தூங்குகிறவர், மாத்திரை போட்டும் புளிப்பு தொண்டைக்கு வருகிறவர், ஊசியில் பல மாதம் செலவழிக்கும் முன் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுவது நல்லது. ஊசி இரைப்பை காலியாவதை மெதுவாக்குவதால் எதுக்களிப்பு கூடவும் செய்யலாம்.

நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு இரைப்பைக்கும் குடலுக்கும் நடுவே உள்ள வாய் விரிந்திருந்தால், வாய் வழியாகக் குழாய் விட்டே தையல் போட்டு இறுக்குகிறார்கள். வயிற்றைத் திறக்க வேண்டாம், ஆபத்து குறைவு, பலனும் மிதமானது. ஸ்லீவ் செய்த எனக்கு அந்தப் பேச்சு எழவில்லை.

நான் ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு நெஞ்செரிச்சல் இல்லை, எண்டோஸ்கோப்பியிலும் கோளாறு தெரியவில்லை. பசிதான் பிரச்சினையாக இருந்தது. முதல் மாதம் குமட்டல், பிறகு மலச்சிக்கல். நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது: சின்ன இரைப்பையும் ஊசியும் சேர்ந்து சாப்பாட்டையே மறக்கடித்துவிட்டன. சாயங்காலம் வரை ஒரு முட்டைதான் சாப்பிட்டிருப்பேன். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. புரதத்தைப் பழையபடி எழுதிக் கணக்கு வைத்த பிறகுதான் நின்றது. ஊசி போட ஆரம்பித்தால் அந்தப் பழைய விதித் தாளை மூட்டை கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அப்போதுதான் அது அதிகம் தேவைப்படும். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்தேன், தசை கரையாமல் இருக்க. இப்போது 83.

இன்னும் ஒரு விஷயம். எந்த வழியாக இருந்தாலும் முதலில் தைராய்டு, பி12, இரும்பு, வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள்.

போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் எடுத்துப் போங்கள். புதிய டாக்டர் என்றால் உள்ளே எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று அதில்தான் தெரியும். கூடவே மூன்று நாள் சாப்பாட்டை உள்ளது உள்ளபடி எழுதிய தாள், நாலு மணி டீயையும் சேர்த்து.