தென்காசி பக்கம் டியாகோ ஈவி: வண்டி ஓகே, சார்ஜிங்தான் யோசிக்கணும்

தென்காசி, குத்தாலம், செங்கோட்டை பக்கம் நிறைய பேர் கேக்குறீங்க, எலக்ட்ரிக் கார் நம்ம ஊருக்கு சரிப்படுமான்னு. நான் ஓட்டுறது டாடா டியாகோ ஈவி, 24 கிலோவாட் ஹவர், அதாவது 24 யூனிட் கரண்ட் பிடிக்கிற பேட்டரி மாடல். வீட்டுல வண்டி நிறுத்த சொந்த இடமும் நல்ல எர்த்தும் இருந்தா தைரியமா வாங்குங்க. அது இல்லாம வெளி சார்ஜர மட்டும் நம்பி வாங்கப் போறீங்கன்னா கொஞ்சம் பொறுங்க.

2022-ல வண்டி வந்தப்ப கம்பெனி சொன்ன ரேஞ்ச் 315 கிமீ. அது டெஸ்ட் கணக்கு, யூனிட்டுக்கு 8 கிமீன்னு போட்டுப் பாருங்க, 190 வரும், ஏசி போட்டு குடும்பத்தோட போறவங்க அத மனசுல வச்சுக்கிட்டா போதும். திருநெல்வேலி போயிட்டு வர்றதுக்கு தாராளம். தூத்துக்குடி போயிட்டு அப்படியே திரும்பணும்னா நடுவுல எங்கயாச்சும் சார்ஜ் போட்டாகணும். கேரளா போற வழியில ஆரியங்காவு ஏத்தத்துல பேட்டரி சட்டுனு இறங்கும், பயப்படாதீங்க, தென்மலை இறக்கத்துல ரீஜென் (வேகம் குறையுறப்ப மோட்டாரே பேட்டரிக்கு கரண்ட் திருப்பி ஏத்துறது) கூட்டி வச்சா கொஞ்சம் திரும்ப ஏறும், ஆனா போனது முழுசா வராது. சத்தம் இல்ல, கியர் இல்ல, ரத வீதி நெரிசல்ல ஓட்டுறதுக்கு இத விட சுகமான வண்டி நான் பாத்ததில்ல.

இப்ப வீட்டு சார்ஜிங். இதத்தான் யாரும் விவரமா சொல்ல மாட்டேங்கிறாங்க. நம்ம பக்கம் பழைய வீடுங்கள்ல எர்த் பேருக்குத்தான் இருக்கும். ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடிரும், ஆனா ஈவி சார்ஜர் எர்த் சரியில்லன்னா ஃபால்ட் காட்டி நின்னுரும், வண்டியில கோளாறுன்னு நெனச்சு ஷோரூமுக்கு ஓட வேண்டாம். நல்ல எலக்ட்ரீஷியன கூப்பிட்டு குழி தோண்டி உப்பு கரி போட்டு ஒழுங்கா எர்த் எடுங்க, மீட்டர் போர்டுல இருந்து 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர்ல தனி லைன் இழுத்து 15 ஆம்ப் பாயிண்ட் வைங்க. ராத்திரி சொருகிட்டு படுத்தா காலைல ஃபுல். இன்னொண்ணு, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா ஈபி ஸ்லாபே, அதாவது யூனிட் ரேட்டு கணக்கே மாறிரும், வீட்டு கரண்டும் சேந்து எகிறும், அதனால பில்ல பாத்துக்கிட்டே இருங்க. யூனிட் 8 ரூபான்னு வச்சாக்கூட கிலோமீட்டருக்கு ஒரு ரூபாதான் ஆகுது, பெட்ரோல்ல 6 ரூபா ஆகுற இடத்துல.

வெளி சார்ஜர் கணக்கு வேற. பெரும்பாலும் யூனிட் 20 ரூபாய்க்கு மேல, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, அப்ப கிலோமீட்டருக்கு 3 ரூபா வந்துரும். காசு கூட பரவால்லங்க, அவசரத்துக்கு குடுக்கலாம். நிம்மதி இல்லாததுதான் பிரச்சன. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்லயும் வாலட்ல பணம் போடணும், மிச்சம் அங்கயே கெடக்கும். ஆப்ல பச்சையா காட்டும், போய் நின்னா கன் (வண்டியில சொருகுற சார்ஜர் முனை) வேல செய்யாது, போன் பண்ணா ரீஸ்டார்ட் பண்றோம் சார்னு சொல்லுவாங்க. ஈபி மாசாந்திர பராமரிப்பு ஷட்டவுன் அன்னைக்கு அந்த ஏரியா சார்ஜரும் சேந்து படுத்துரும், அதனால லாங் போறதுக்கு முன்னாடி போற வழி ஊர்கள்ல என்னைக்கு மின்தடைன்னு பேப்பர்ல பாத்துக்கோங்க. சார்ஜர் வேகம் 60 கிலோவாட், 120 கிலோவாட்னு போர்ட பாத்து ஆசப்பட வேண்டாம், இந்த வண்டி 10-ல இருந்து 80 சதவீதம் ஏற எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், 30 கிலோவாட்டே இதுக்கு போதும்.

எனக்கு நெசமாவே வருத்தமா இருக்கறது என்னன்னா, இங்க சார்ஜர் வைக்கிறவங்க பைபாஸ்ல போற காரத்தான் நெனைக்கிறாங்க. நம்ம தெருவுல எண்ணிப் பாருங்க, எலக்ட்ரிக்னா ஸ்கூட்டர்தான் ஜாஸ்தி. அந்த ஸ்கூட்டர கார் கன்ல போட முடியாது. டிவிஎஸ் ஐக்யூப் மாதிரி ஸ்கூட்டருக்கு வேண்டியது ஒரு சாதா பிளக் பாயிண்ட், அவ்ளோதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல அவங்க மின்வாரியம் கேஎஸ்இபி 2021-ல கோழிக்கோட்டுல ஆட்டோவுக்காக கரண்ட் போஸ்ட்லயே சார்ஜர் மாட்டி ஆரம்பிச்சாங்க, அப்புறம் மாநிலம் பூரா ஆயிரத்துக்கு மேல வச்சிட்டாங்க. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் கரண்ட் எடுக்குற காத்தாடி இத்தன சுத்துது, நம்ம பஸ் ஸ்டாண்ட், உழவர் சந்த, கோயில் வாசல்ல நாலு பாயிண்ட் வைக்கக் கூடாதா. ஆட்டோ ஓட்டுற அண்ணன் மதியம் சாப்புடுற நேரத்துல போட்டுக்குவாருல்ல.

குத்தாலம் சீசனுக்கு ஈவில வர்றவங்களுக்கு ஒரு விஷயம், ரூம் போடுறதுக்கு முன்னாடி போன் பண்ணி பார்க்கிங்ல 15 ஆம்ப் பாயிண்ட் இருக்கா, எர்த் இருக்கான்னு கேட்டுக்கோங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல எல்லாம் போடாதீங்க, சாரல்ல நனஞ்சா ஆபத்து.

லாட்ஜ் வச்சிருக்கற அண்ணாச்சிங்க யாராச்சும் இத படிச்சா, பார்க்கிங்ல தனி மீட்டரோட ரெண்டு பாயிண்ட் போடுங்க. சார்ஜிங்குக்கு காசு வாங்க தனி லைசென்ஸ் தேவையில்லன்னு மத்திய மின்சார அமைச்சகம் 2018-லயே சொல்லிருச்சு. யூனிட்டுக்கு 15 ரூபா கேளுங்க, சந்தோஷமா குடுப்போம், ராத்திரி தங்கவும் உங்ககிட்டதான் வருவோம்.