கிரீட் தீவில் கார் எடுக்கப் போகிறீர்களா? வண்டிக்கு அடியிலும் படம் எடுத்து வையுங்கள்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் வாடகைக் கார் எடுத்து 640 யூரோ பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். அங்கே போகத் திட்டமிடுபவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். தீவு மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஊர் மக்கள் அவ்வளவு அன்பானவர்கள். எங்களை ஏமாற்றியது ஒரே ஒரு கார் கடை.

போனது ஜூலையில், ஆறு நாள். நான், மனைவி, அண்ணன், அண்ணி. விமானம் இறங்கியது தீவின் மேற்கில் உள்ள சானியாவில். அங்கே ஹன்யா என்றுதான் சொல்கிறார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் கிரீட் சின்னதாகத் தெரியும். கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம், அகலம் மிகக் குறுகிய இடத்தில் 12 கிலோமீட்டர்தான். ஆனால் ஹன்யாவுக்குத் தெற்கே வெள்ளை மலைகள் 2,453 மீட்டர் வரை எழுந்து நிற்கின்றன. தென்கரையில் கடலோரமாகவே தொடர்ந்து போகும் சாலை கிடையாது. ஒவ்வொரு கடற்கரைக்கும் மலையேறி இறங்கி, மறுபடி ஏறி வர வேண்டும். ஆகியா ரூமெலி என்ற ஊருக்கு இன்றும் கார் சாலை இல்லை, சமரியா பள்ளத்தாக்கு வழியாக 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும் அல்லது படகில் போக வேண்டும். அதனால் எந்தச் சாலையில் போகப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு கார் எடுக்க வேண்டும். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம்.

விலை ஒப்பிடும் தளம் ஒன்றில் நாளுக்கு 24 யூரோ என்று பார்த்ததும் பதிவு செய்துவிட்டோம். "முழு இன்சூரன்ஸ்" என்று போட்டிருந்தது. இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கடை விமான நிலையத்துக்குள் இல்லை. வேனில் கூட்டிப் போனார்கள். கவுண்டரில் இருந்தவர், "நீங்கள் எடுத்தது அந்தத் தளத்தின் இன்சூரன்ஸ், எங்களுடையது அல்ல. 1,500 யூரோ கார்டில் பிளாக் செய்ய வேண்டும், இல்லையென்றால் எங்கள் இன்சூரன்ஸை நாளுக்கு 18 யூரோ கொடுத்து எடுங்கள்" என்றார். இரவுப் பயணக் களைப்பு வேறு. சரி, போகட்டும் என்று 108 யூரோ கட்டினோம்.

அண்ணன் தெளிவாகவே கேட்டார்: "எல்லாமே இதில் அடங்குமா?" எல்லாமே அடங்கும் என்றார் அவர். நான் வரைபடத்தை விரித்து, போகப் போகும் இடங்களைக் காட்டினேன். எலஃபோனிசி, ஹோரா ஸ்ஃபாகியோன், அராதேனா பாலம், பாலோஸ் கடற்கரை. பாலோஸ் மேல் விரலை வைத்து, "அருமையான இடம், காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்காது" என்று சொன்னார். மூன்று பக்க ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

நாங்கள் காட்டிய இடங்களில் பாலோஸ் ஒன்றுக்குத்தான் தார்ச்சாலை கிடையாது. கலிவியானி ஊரைத் தாண்டியதும் சுமார் 8 கிலோமீட்டருக்குக் கல்லும் புழுதியுமான மண் பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே கடல், நடுவில் ஆடுகள். அண்ணன் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே இல்லை. அடியில் கல் தட்டிய சத்தம் ஒரு முறைகூட நாங்கள் நான்கு பேரும் கேட்கவில்லை. மற்ற எல்லாச் சாலைகளும், ஸ்ஃபாகியோனுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகள் உட்பட, நல்ல தார்ச்சாலைகள்தான்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அதே ஆள்தான் இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பாலோஸ் போனீர்களா?" போனோம் என்றோம். உடனே தரையில் படுத்து, செல்போன் விளக்கை வண்டிக்கு அடியில் அடித்தார். முன்பக்கம் அடித்தகட்டில் ஒரு நீளமான கீறலைக் காட்டினார். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். வண்டியின் அடிப்பாகம், டயர், கண்ணாடி, காற்றில் மடங்கிய கதவு, மண் சாலையில் ஏற்படும் எந்தச் சேதமும் இன்சூரன்ஸில் வராது என்று பொடி எழுத்தில் இருந்தது.

அந்தக் கீறலின் ஓரம் முழுக்கத் துரு. ஒரு சொட்டு மழை இல்லாத ஆறு நாளில் அப்படித் துரு ஏறுமா? அண்ணன் அதைக் கையால் தடவிக் காட்டிக் கேட்டார், பதில் இல்லை. விமானத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது, வேறு வழியில்லாமல் அவர் கேட்ட பணத்தைக் கட்டினோம். எங்களுக்கு முன்னால் வந்தவர்களிடமும் இதே கீறலுக்குப் பணம் வாங்கியிருப்பார்கள் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

இதோடும் நிற்கவில்லை. கார்டு இயந்திரத்தில் யூரோவா ரூபாயா என்று கேட்டபோது, எங்களிடம் கேட்காமல் அவரே ரூபாயை அழுத்திவிட்டார். அந்த மாற்று விகிதம் எங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாக இருந்தது. எந்த வெளிநாட்டிலும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கி நீங்களே அழுத்துங்கள்.

ஊர் திரும்பியதும் வங்கியில் புகார் கொடுத்தேன். ஆதாரம் கேட்டார்கள். நான்கு பக்கமும் எடுத்த படங்கள் இருந்தன, அடியில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் என் கையெழுத்துள்ள ஒப்பந்தத்தை அனுப்பினார். புகார் மூடப்பட்டது.

போகிறவர்கள் வண்டியை எடுக்கும்போதே செல்போனைத் தரையோடு வைத்து அடிப்பாகத்தை வீடியோ எடுங்கள். டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றும் அடங்குமா என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். அப்புறம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள், ஓராண்டு செல்லும். கவுண்டரில் யாரும் கேட்காமல் விட்டாலும், விபத்து நடந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

வருகிற செப்டம்பரில் தங்கை குடும்பம் அங்கே போகிறது. பாலோஸுக்குக் கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போகச் சொல்லியிருக்கிறேன். கார் அன்று துறைமுகத்தில் நிற்கட்டும்.